கடலோர வீட்டுக்கு எந்தச் சார்ஜ் விளக்கு? பேட்டரியோடு அதன் மூடியையும் பார்த்து வாங்குவோம்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் வழியாகக் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில் ஐப்பசி பிறந்துவிட்டால் சார்ஜ் விளக்கு விற்பனை சூடுபிடித்துவிடும். வாடைக் காற்றோடு மழை வரும், மழையோடு மின்தடையும் வரும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் வலுவிழந்து, கரையேறாமல் மன்னார் வளைகுடாவில் நம் மாவட்டத்தை ஒட்டியே நின்றதும், 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அத்தகைய நாளுக்கு முன்பு அவசரமாகப் போய், கடையில் இருப்பதில் மலிவான விளக்கை வாங்கிவந்து, அடுத்த ஐப்பசியில் அது எரியாமல் போக, மறுபடியும் புதிதாக ஒன்று வாங்குவதுதான் பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது.

பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய விளக்கை வாங்கினால் இந்தச் செலவு குறையும். விளக்கிலுள்ள எல்இடி நன்றாக வடிவமைக்கப்பட்டிருந்தால் பல்லாயிரம் மணிநேரம் எரியும். ஓரிரு ஆண்டுகளில் ஓய்ந்துபோவது பேட்டரி. ஆகவே சுமார் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் விளக்குகளில், பேட்டரியை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும்படி இருப்பவை எவை, அவற்றில் உப்புக் காற்றைத் தாங்கக்கூடியவை எவை என்று பார்ப்பது பயனுள்ளது. இந்த இரண்டு தேவைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதால்தான் இந்தத் தேர்வு மதுரையில் இருப்பவர்க்கு எளிதாகவும் மண்டபத்தில் இருப்பவர்க்குச் சிக்கலாகவும் இருக்கிறது.

உப்பின் வேலை

எரியாமல் போய்விட்டது என்று ஒதுக்கிவைத்த விளக்கு ஒன்றைக் கடலோர வீட்டில் எடுத்துத் திறந்து பாருங்கள். பேட்டரியைத் தாங்கும் ஸ்பிரிங்கின் அடிச்சுருளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சுவிட்சின் கால்களில் பழுப்புத் துரு ஏறியிருக்கும். சர்க்யூட் பலகையின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் படலம் தெரியும். பேட்டரியை வெளியே எடுத்து மல்டிமீட்டரில் வைத்தால் பல நேரங்களில் முள் நல்ல வோல்டேஜையே காட்டும். அதாவது செத்தது பேட்டரி அன்று, பேட்டரிக்கும் விளக்குக்கும் இடையேயுள்ள தொடர்பு. உள்நாட்டு ஊர்களில் பேட்டரி ஓய்ந்த பிறகுதான் மற்றவை கெடும்; இங்கே அந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

காரணம் எளிமையானது. காற்றில் வரும் நுண்ணிய உப்புத் துகள்கள் உலோகத்தின் மேல் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். நம் கரையில் இரவு நேர ஈரப்பதம் அந்த அளவைச் சாதாரணமாகவே தாண்டுவதால், மழை பெய்யாத நாளிலும், விளக்கைக் கையால் தொடாத நாளிலும், அந்த ஸ்பிரிங் இரவு முழுவதும் உப்புநீரில் நனைந்தபடியேதான் இருக்கிறது. ஸ்பிரிங் நிக்கல் பூசிய எஃகாகவும், அது தொடும் தகடு பித்தளையாகவும் இருந்தால், இரு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் நிற்பதால் அரிப்பு இன்னும் விரைவுபடும்.

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் தன்னுடைய துரு ஆய்வுகளுக்கு மண்டபத்தில் களம் வைத்திருப்பது தற்செயலானதன்று. பேட்டரியையும் துருவையும் ஒரே நிறுவனம் ஆராய்கிறது என்பது நம் சார்ஜ் விளக்கின் கதைக்கு மிகவும் பொருத்தமான செய்தி. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் தேவைப்பட்ட இடத்தில், ஐந்நூறு ரூபாய் விளக்கின் ஸ்பிரிங்குக்கு எந்தப் பாதுகாப்பும் கொடுக்கப்படவில்லை.

இதிலிருந்து தெரிவது இதுதான். பேட்டரியை மாற்ற வேண்டுமென்றால் விளக்கில் ஒரு மூடி இருக்க வேண்டும். மூடி இருந்தால் அதன் இடுக்கு வழியே உப்பு உள்ளே நுழையும். முழுவதுமாக ஒட்டி அடைத்த விளக்கில் உப்பு நுழையாது, ஆனால் பேட்டரி ஓய்ந்த அன்றே விளக்கும் குப்பைக்குப் போகும். எனவே எந்தப் பேட்டரி என்ற கேள்விக்கு இணையாக, எத்தகைய மூடி என்ற கேள்வியையும் கடலோரத்தில் கேட்டாக வேண்டும். கடைகளில் பேசப்படுவது முதல் கேள்வி மட்டுமே.

கடையில் கிடைக்கும் பேட்டரி வகைகள்

பழைய வகை எமர்ஜென்சி லைட்டுகளில் இருப்பது அடைக்கப்பட்ட ஈய அமில பேட்டரி. சிறிய விளக்குகளில் 4 வோல்ட், பெரியவற்றில் 6 வோல்ட் 4.5 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருக்கும். இதன் பெரிய வசதி, எங்கும் கிடைப்பது. கொசு மட்டையிலும் பெரும்பாலும் 4 வோல்ட் ஈய பேட்டரியே இருப்பதால், உச்சிப்புளியிலோ சாயல்குடியிலோ உள்ள சிறிய எலக்ட்ரிக்கல் கடையில்கூட இந்த வகையைக் கேட்டு வாங்கலாம். கரண்ட் போனதும் தானாக எரியும் அமைப்பும் இந்த வகை விளக்குகளில்தான் அதிகம். இரவில் எழுந்து தடவித் தேட முடியாத முதியவர்கள் இருக்கும் வீட்டில் அது சிறிய வசதி அன்று.

குறைகளும் உண்டு. முதலாவது, எடைக்கு ஏற்ற சக்தி இல்லை. 4 வோல்ட் 1 ஆம்பியர்-மணி என்றால் 4 வாட்-மணி, அதாவது ஒரு வாட் விளக்கை நான்கு மணிநேரம் எரிக்கும் சக்தி. அதுவும் மெதுவாக, 20 மணிநேரம் எடுத்து வெளியேற்றினால் கிடைக்கும் அளவு. ஒரு வாட் விளக்கை எரித்தால் மூன்று மணிநேரம் தாக்குப்பிடிப்பதே பெரிது. இரண்டாவது, காலியான நிலையில் சில வாரங்கள் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிப்போய், பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் நிற்காது. தை மாதம் பரணில் ஏற்றிய விளக்கை ஐப்பசியில் இறக்கும் வழக்கமுள்ள வீடுகளுக்கு இந்த பேட்டரி பொருந்தவே பொருந்தாது. மூன்றாவது, இந்த வகைக்கு வெப்பம் ஆகாது. சுற்றுப்புற வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் இதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பேட்டரித் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. தகரக் கூரைக்கு அடியில் சித்திரை, வைகாசியில் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நான்காவது குறை உயிர் சம்பந்தப்பட்டது. விலை மலிவான எமர்ஜென்சி லைட்டுகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது; ஒரு கெப்பாசிட்டரைக் கொண்டே 230 வோல்ட்டைக் குறைத்து பேட்டரிக்கு அனுப்பியிருப்பார்கள். சுவரில் பிளக்கைச் செருகியபடி மூடியைத் திறந்து பேட்டரி முனையைத் தொட்டால், 4 வோல்ட் பேட்டரியைத் தொடுவதாக நினைத்துக்கொண்டு வீட்டு மின்சாரத்தையே தொடுகிறோம். உப்பீரம் படிந்த கையோடு அதைச் செய்வது மிகவும் ஆபத்தானது. இந்த வகை விளக்கு வீட்டில் இருந்தால், பிளக்கைப் பிடுங்காமல் திறக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

அடுத்த வகை, கடிகாரத்தில் போடும் அளவிலான ஏஏ செல்களைக் கொண்டு எரியும் விளக்கு. இதில் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு சார்ஜ் செல்களைப் போட்டுக்கொள்ளலாம், ஒன்றுக்கு 1.2 வோல்ட், பொதுவாக 2000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) அளவு. நான்கு செல் போட்டால் ஏறத்தாழ 9.6 வாட்-மணி கிடைக்கும். தானாகச் சார்ஜ் குறைவது மெதுவாக நடக்கும் வகையாகப் பார்த்து வாங்கினால், ஓராண்டு பெட்டியில் கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும். சாதாரண வகையாக இருந்தால் சில மாதங்களிலேயே வடிந்துவிடும்.

இந்த வகைக்கு உள்ள தனிச்சிறப்பு புயல் நாளில்தான் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட நிலையில் சார்ஜ் போட வழியே இல்லாதபோது, பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண கடிகாரச் செல்லைப் போட்டே இந்த விளக்கை எரிக்கலாம். வேறு எந்த வகைக்கும் இந்த வசதி இல்லை. ஆனால் நான்கு நல்ல சார்ஜ் செல்லும் அதற்கான தனி சார்ஜரும் சேர்ந்தால் விலை விளக்கின் விலையையே மிஞ்சிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மூன்று செல் போடும் விளக்கானால் சார்ஜ் செல்களில் 3.6 வோல்ட்தான் கிடைக்கும்; வெள்ளை எல்இடிக்கே 3 வோல்ட் அளவில் தேவைப்படுவதால் வெளிச்சம் மங்கலாகத் தெரியும். நான்கு செல் விளக்காகவே வாங்குவது நல்லது. சாதாரண செல்லைப் போட்டால் எரிந்து முடிந்தவுடன் எடுத்துவிட வேண்டும். ஒழுகிய செல் ஒரு வாரத்தில் செய்யும் சேதத்தை உப்புக் காற்று செய்ய ஓராண்டு ஆகும்.

மூன்றாவது வகை 18650 எனப்படும் லித்தியம்-அயான் செல். 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம் என்பதே அந்த எண்ணின் உள்ளடக்கம். 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட். 2500 எம்ஏஎச் உள்ள நல்ல செல் ஒன்றே ஏறத்தாழ 9 வாட்-மணி தரும். ஒரு வாட் விளக்கை, அதாவது ஏறத்தாழ 100 லூமன் வெளிச்சத்தை, ஏழெட்டு மணிநேரம் தாங்கும். நான்கு ஏஏ செல்கள் செய்யும் வேலையை இந்த ஒற்றைச் செல், பாதிக்கும் குறைவான எடையில் செய்கிறது. போன் சார்ஜரிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்பதால் தனிச் சார்ஜர் தேவையில்லை. இன்று கடைகளில் விற்கும் யூஎஸ்பி சார்ஜ் விளக்குகளில் பெரும்பாலானவற்றில் இந்தச் செல்தான் இருக்கிறது. ஆனால் அவற்றில் பலவற்றில் அது சால்டர் வைத்துப் பொருத்தப்பட்டிருக்கும் என்பதே கவனிக்க வேண்டிய இடம்.

நான்காவதாக லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல். 3.2 வோல்ட். வெப்பத்தை நன்றாகத் தாங்கும், ஆயிரம் முறைக்கு மேல் சார்ஜ் போட்டாலும் தளராது, தீப்பிடிக்கும் அபாயமும் மிகக் குறைவு. குணத்தை மட்டும் பார்த்தால் நம் கரைக்கு இதுவே முதலிடம். ஆனால் இந்தச் செல்லோடு வரும் மலிவான கைவிளக்குகள் குறைவு. மாற்றுச் செல்லை ஆன்லைனில்தான் தேட வேண்டியிருக்கும். 3.7 வோல்ட் செல்லுக்கான விளக்கில் இதைப் போடவும் கூடாது. சார்ஜ் அமைப்பு 4.2 வோல்ட் வரை ஏற்றும், இந்தச் செல்லுக்கு 3.65 வோல்ட்தான் எல்லை.

மூடியை வைத்து விளக்கை எடைபோடுதல்

கடையில் விளக்கைத் திருப்பிப் பார்த்தால் மூன்று வகை அமைப்பு தெரியும். விரலால் தள்ளித் திறக்கும் கதவு ஒன்று. திருகாணி போட்டு மூடிய பின்பக்கம் மற்றொன்று. மரை வைத்துச் சுழற்றித் திறக்கும் வட்ட மூடி இன்னொன்று.

விரலால் தள்ளும் கதவு வசதியானது, ஆனால் கடற்கரைக்கு மோசமானது. இரு பிளாஸ்டிக் விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்குமே தவிர, நடுவே ரப்பர் இருக்காது. ஏஏ செல் விளக்குகளில் பெரும்பாலும் இந்தக் கதவுதான். நான் ஏஏ வகையை முதலாவதாகச் சொல்லத் தயங்குவதற்குச் செல் காரணம் இல்லை, இந்தக் கதவுதான் காரணம். எட்டு உலோக முனைகள், அவற்றில் நான்கு ஸ்பிரிங்; எந்த ஒன்றில் களிம்பு ஏறினாலும் விளக்கு முழுவதும் அணையும். ஒற்றைச் செல் விளக்கில் இரண்டே முனைகள்.

திருகாணி போட்ட பின்பக்கத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்பதைத் திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது. கடைக்காரரிடம் ஒரு ஸ்குரூ டிரைவர் கேட்டுத் திறந்து காட்டச் சொல்வதில் தவறில்லை. உள்ளே செல், ஸ்பிரிங் வைத்த தாங்கியில் இருந்தால் மிக நன்று. தாங்கி இல்லாமல், செல்லிலிருந்து இரண்டு வயர் வந்து சிறிய பிளக்கில் செருகப்பட்டிருந்தாலும் போதும். அதே போன்ற பிளக் வைத்த செல்லை வாங்கிச் செருகிக்கொள்ளலாம். கடலோரத்தில் இது தாங்கியைவிடவும் ஒரு விதத்தில் மேலானது, ஏனெனில் பிளக்குக்குள் மறைந்திருக்கும் முனைகளில் உப்பு படிவது குறைவு. வயர் நேராகச் சர்க்யூட் பலகையில் சால்டர் வைக்கப்பட்டிருந்தால், சால்டர் அயன் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தாலொழிய அந்த விளக்கை விட்டுவிடலாம். செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைப்பது செல்லுக்கும் ஆகாது, வைப்பவருக்கும் ஆகாது.

மரை வைத்த வட்ட மூடியே என் பார்வையில் மிகச் சிறந்தது. சுழற்றி இறுக்கும்போது வட்டமான ரப்பர் வளையம் சுற்றிலும் ஒரே அளவில் அழுந்துகிறது; தட்டையான கதவில் நான்கு மூலைகளும் ஒரே மாதிரி அழுந்துவதில்லை. கைடார்ச் வகைகளில் இந்த அமைப்பு சாதாரணம். லாந்தர் வடிவ விளக்குகளில் தேடிப் பார்க்க வேண்டும். அலுமினிய உடலாக இருந்தால் மரையில் வெள்ளைப் பொடி பூத்து மூடி இறுகிக்கொள்ளும், பிறகு இடுக்கியால்கூடத் திறக்க வராது. ஆகவே பிளாஸ்டிக் உடலே நல்லது. அலுமினியமாகவே அமைந்தால் மாதம் ஒரு முறை மரையைத் துணியால் துடைத்துச் சிறிது கிரீஸ் தடவ வேண்டும்.

பெட்டியில் ஐபி44, ஐபி65 என்றெல்லாம் போட்டிருந்தால், இரண்டாவது இலக்கம் நீருக்கானது: 4 என்றால் தெறிக்கும் நீர், 5 என்றால் பீய்ச்சும் நீர், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணிநேரம். இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை, புதிய ரப்பரில் செய்யப்படுபவை. இரண்டு கோடையைப் பார்த்த ரப்பருக்கு அந்த எண் பொருந்தாது.

எந்த வீட்டுக்கு எது

சுவர் எழுப்பிய வீட்டில், சமைக்கவும் பிள்ளைகள் படிக்கவும் ஒரு விளக்கு வேண்டுமென்றால், பிளாஸ்டிக் உடல், திருகாணியோ மரையோ போட்ட மூடி, ரப்பர் வளையம், தாங்கியிலோ பிளக்கிலோ அமைந்த ஒற்றை 18650 செல், டைப்-சி சார்ஜ் துளை, அந்தத் துளைக்கு ரப்பர் அடைப்பு ஆகியவை உள்ள விளக்கே பொருத்தமானது. சார்ஜ் துளைக்கு அடைப்பு இல்லையென்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஓராண்டில் அந்தத் துளையே பச்சையாகிவிடும். வெளிச்சம் 100 முதல் 200 லூமன் போதும். ஆயிரம் லூமன் என்று அச்சிட்ட விளக்கு, அந்த எண் உண்மையானால் ஒரு மணிநேரத்தில் அணையும்; பொய்யானால் வாங்கவே தேவையில்லை.

முதியவர்கள் மட்டும் தனியே இருக்கும் வீட்டுக்கு என் தேர்வு வேறு. அங்கே ஏஏ செல் விளக்கையே சொல்வேன், கதவு மோசமாக இருந்தாலும். செல்லைத் தலைகீழாகப் போட்டால் ஏஏ விளக்கு பெரும்பாலும் எரியாமல் இருக்கும், அவ்வளவுதான். மலிவான 18650 விளக்குகளில் அதைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் சர்க்யூட் எரிந்துபோகும். அவசரத்துக்குப் பக்கத்துக் கடைச் செல்லே உதவும் என்பதும் அவர்களுக்குப் பெரிய துணை. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை: ஏஏ அளவிலேயே 14500 என்ற 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் விற்கிறது. நான்கு சேர்ந்தால் ஏறத்தாழ 15 வோல்ட் ஆகி விளக்கு உடனே போய்விடும்.

வல்லம் என்னும் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர்களுக்கு லாந்தர் வடிவமே தேவையில்லை என்று நினைக்கிறேன். நண்டு வலை இழுக்கும்போதும், மீனைக் கழற்றும்போதும், விளக்கு அலைத் தெறிப்பில் நேரடியாக நனைகிறது. அங்கே மரை மூடியும் ரப்பர் வளையமும் உள்ள கைடார்ச், அதுவும் 18650 செல்லையும் மூன்று ஏஏஏ செல்கள் வைத்த பிளாஸ்டிக் தாங்கியையும் மாற்றி மாற்றிப் போடக்கூடிய வகை, மிகவும் வசதியானது. நாட்டுப்படகின் நடுவே பொதுவான வெளிச்சம் வேண்டுமானால், வாய் வெட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவை டார்ச்சின் முகத்தில் கவிழ்த்தால் ஒளி சுற்றிலும் பரவும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, அதன் பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் மரையிலிருக்கும் உப்புநீர் உள்ளே போய்விடும்.

கருவாடு உலர்த்தும் வாடியில் வைக்கும் விளக்குக்கு விலையே முதல் கணக்கு, மலிவானதே போதும். உப்பும் ஈரமும் அங்கே எதையும் விட்டுவைப்பதில்லை.

9900 என்று அச்சிட்ட செல்

மாற்றுச் செல் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். 18650 அளவில் 3500 எம்ஏஎச் அளவே உயர்ந்த தரத்துச் செல்களின் எல்லையை ஒட்டியது. ஆனால் 6800, 9900 என்று அச்சிட்ட செல்கள் தாராளமாக விற்கின்றன. அந்த அளவு சக்தியை அந்த உருளைக்குள் அடைக்க இன்றைய வேதியியலில் வழியில்லை. அப்படிப்பட்ட செல்லில் பெரும்பாலும் ஆயிரத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். இதற்கு மாறாக, 1200 என்றோ 1500 என்றோ அடக்கமாக அச்சிட்டு வரும் செல்லை நம்பி வாங்கலாம். எண் சிறியது, ஆனால் பொய் சொல்ல யாரும் சிறிய எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை எடை பார்ப்பது. நல்ல 18650 செல் 45 கிராமை ஒட்டி நிற்கும். நகைக்கடைத் தராசிலோ, மளிகைக் கடையின் சிறிய எலக்ட்ரானிக் தராசிலோ வைத்துப் பார்த்து 30 கிராமுக்கும் கீழே காட்டினால், மேலே என்ன அச்சிட்டிருந்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். செல்லின் மேல் பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தரக் குறியும் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்து, புதிய பிளாஸ்டிக் உறை போட்டு விற்கும் செல்களும் உண்டு. முனைகளில் தகட்டை வெல்டு வைத்துப் பிரித்த தழும்பு தெரிந்தால் அது பழையது.

அளவிலும் சிறு சிக்கல் இருக்கிறது. பாதுகாப்புச் சர்க்யூட் வைத்த செல் நீளத்தில் மூன்று நான்கு மி.மீ. கூடுதலாக இருக்கும், இறுக்கமான தாங்கியில் நுழையாது. முனை தட்டையான செல், குமிழ் முனைக்காகச் செய்த தாங்கியில் தொடாமல் நிற்கும். கடைக்குப் போகும்போது பழைய செல்லைக் கையோடு எடுத்துச் செல்வதே எளிய வழி. இரண்டு செல் பக்கவாட்டில் போடும் விளக்கானால் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே வகையில் மாற்ற வேண்டும். நிரம்பிய புதியது காலியான பழையதற்குள் அளவுமீறிய மின்சாரத்தைப் பாய்ச்சும். அதனால்தான் ஒற்றைச் செல் விளக்கைப் பரிந்துரைக்கிறேன்.

சோலார் வேண்டுமா?

மாவட்டத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைக் கமுதியில் அமைத்திருப்பதே அதற்குச் சான்று. ஆனால் விளக்கின் தலையில் ஒட்டிய உள்ளங்கை அளவுப் பேனலால் பெரிய பயன் இல்லை. அரை வாட் பேனல், நல்ல வெயிலில் நாள் முழுவதும் கிடந்தாலும் இரண்டு மூன்று வாட்-மணிதான் தரும். 18650 செல்லை நிரப்ப மூன்று நான்கு நாள் ஆகும். அதற்குள் விளக்கு முழுவதும் வெயிலில் கிடந்து சுடும். லித்தியம்-அயான் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான எல்லை. பேனல் தனியாகவும் விளக்கு நிழலிலும் இருக்கும்படி வயர் வைத்த வகையாக இருந்தால் மட்டுமே சோலாருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். புயல் மேகம் மூடிய நாட்களில் அதுவும் உதவாது என்பதால், கூடுதலாக ஒரு செல்லை நிரப்பி வைத்துக்கொள்வதே அதே பணத்துக்கு நல்ல பயன் தரும். மாற்றக்கூடிய பேட்டரியின் உண்மையான ஆதாயமும் அதில்தான் இருக்கிறது: ஒரு விளக்கு, இரண்டு செல், இரண்டு இரவு.

வாங்கிய பிறகு

புது விளக்கின் ஸ்பிரிங்கிலும் தகட்டிலும், துணித் துண்டில் தொட்டு வாசலினை மிக மெல்லிதாகத் தடவலாம். ஸ்பிரிங்கின் அழுத்தம் தொடும் புள்ளியில் அதை ஒதுக்கிவிடும், மீதிப் பரப்பை உப்பு தீண்டாது. ரப்பர் வளையத்துக்கு வாசலின் கூடாது, சில வகை ரப்பர் அதில் ஊதிவிடும். சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும். களிம்பு ஏற்கெனவே ஏறியிருந்தால், செல்லை எடுத்துவிட்டு, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்ட பின் செல்லைப் போடலாம்.

லித்தியம் செல் முழு சார்ஜோடு வெப்பத்தில் கிடந்தால் விரைவில் தளரும். ஆகவே தை முதல் ஆவணி வரை அதிகம் பயன்படுத்தாத விளக்கின் செல்லைப் பாதி சார்ஜில், விளக்கிலிருந்து எடுத்து, இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வைத்து, புரட்டாசிக் கடைசியில் முழுவதும் நிரப்பிக்கொள்ளலாம். ஈய பேட்டரிக்கு இதற்கு நேர்மாறான பழக்கம் வேண்டும்: எப்போதும் நிரம்பியே இருக்க வேண்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டே ஆக வேண்டும். இரண்டு வகையும் ஒரே வீட்டில் இருந்தால் எதற்கு எது என்பதைக் காகிதத்தில் எழுதி விளக்கின் மேல் ஒட்டிவிடுவது நல்லது.

ஓய்ந்த ஈய பேட்டரியைப் பழைய இரும்புக்காரர் விலை கொடுத்தே எடுத்துக்கொள்வார். லித்தியம் செல்லுக்கு அப்படிக் கிராக்கி இல்லாததால் அது குப்பையிலும் கடலோரத்திலும் வந்து கிடக்கிறது. மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு அவற்றை விற்பனைக்குக் கொண்டுவரும் தயாரிப்பாளர்களுடையது. இரு முனையிலும் டேப் ஒட்டி, நசுங்காமல் டப்பாவில் சேர்த்துவைத்து, இராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ போகும்போது மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடலாம். அடுப்பில் போடுவதும் குப்பையோடு சேர்த்து எரிப்பதும் வெடிப்பில் முடியும்.